சீக்கிரம் வந்தால் அபராதம்

கல்யாணமான புதிதில், தனக்கு ராலி என்றால் உயிர் என்று என் கணவர் சொன்னபோது, மனிதர் ஏதோ கட்சியில் இருக்கிறார் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். எங்கள் பக்கத்தில் ராலி என்றால் கொடி, வேன், மைக், பிரியாணிப் பொட்டலம். நான் பயந்துபோய், "எந்தக் கட்சிங்க?" என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அவர் சொன்னது கார் ராலி. மலைப் பாதையிலும் மண் ரோட்டிலும் பனியிலும் ஒவ்வொரு காராக நேரம் குறித்து விடுவார்கள். குறைந்த நேரத்தில் கடந்தவர் ஜெயித்தவர். கோயம்புத்தூரில் படித்த காலத்தில் நண்பர்களோடு போய் ஒரு மண் ரோட்டு வளைவில் காலையிலிருந்து நின்றிருக்கிறார். கார் வந்ததாம், புழுதி கிளம்பியதாம், கார் போய்விட்டதாம். மொத்தம் பத்து விநாடி இருக்குமா என்று கேட்டேன். "பத்து விநாடியா? அஞ்சு கூட இருக்காது" என்றார் பெருமையாக. அதற்குப் பிறகு பூதலூருக்கு வந்து அப்பாவின் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, இரண்டு அறுவடை மிஷின் வாங்கி வாடகைக்கு விட்டுக்கொண்டு, ஒரு சராசரி டெல்டா மனிதராக மாறிவிட்டார். ஆனால் அந்த ஐந்து விநாடி மட்டும் அவரை விடவில்லை.

நான் தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டுக் கூடம் முழுக்க ஆட்கள் உட்கார்ந்து ராலி பார்ப்பார்கள். உலகத்திலேயே பெரிய ராலிப் போட்டி அது. ஐரோப்பாவில் அவர்கள் காலையில் காரைக் கிளப்பும்போது நமக்கு மதியச் சாப்பாட்டு நேரம். பல் டாக்டர் ஒருவர் தஞ்சாவூரிலிருந்து வருவார். பக்கத்துத் தெரு உரக்கடைக்காரர் வருவார். சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தவர்கள், டிராக்டர் மெக்கானிக், இன்னும் நாலைந்து பேர். கார் ஒரு மேட்டில் ஏறி அந்தரத்தில் பறக்கும்போது எல்லாரும் ஒரே குரலில் "யப்பா!" என்பார்கள். விதி எதுவும் யாரும் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது? சீக்கிரம் வந்தவன் ஜெயித்தவன்.

அப்புறம்தான் ஒவ்வொரு வருஷமும் ஒரு புது விதி வர ஆரம்பித்தது.

முதல் நாள் மரத்தில் மோதி நொறுங்கிய கார், மறுநாள் காலையில் பளபளவென்று மறுபடி வந்து நின்றது. உரக்கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இவர்தான் நேத்தே அவுட்டாயிட்டாரே?"

"ஆமா. ஆனா கொஞ்ச நேரத்தை அபராதமாச் சேத்துக்கிட்டு இன்னைக்கு வரலாம்" என்றார் என் கணவர்.

"அப்ப நேத்து அவுட்டானது?"

"அது நேத்து."

இன்னொரு வருஷம் பெட்ரோல் இன்ஜினோடு கரண்டில் ஓடும் மோட்டார் ஒன்றையும் சேர்த்து வைத்தார்கள். சில வருஷம் கழித்து அதைக் கழற்றிவிட்டார்கள். ஏன் வைத்தார்கள் என்று கேட்டதற்கு, சுற்றுச்சூழலுக்காக என்றார். ஏன் எடுத்தார்கள் என்று கேட்டதற்கு, செலவு கட்டுப்படியாகவில்லை என்றார். "அப்ப சுற்றுச்சூழல்?" என்று உரக்கடைக்காரர் உண்மையான கவலையோடு கேட்டார். யூரியாவும் பூச்சிமருந்தும் விற்பவருக்கு அவ்வளவு கவலை வந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

அதற்குள் பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாக விலகிவிட்டன. மேல் வகுப்பில் ஓடுகிற கார்களை இரண்டு கைகளின் விரல்களுக்குள் எண்ணிவிடலாம் என்ற நிலை. எங்கள் கூடத்திலும் ஏறக்குறைய அதே நிலைதான். கடைசியில் பல் டாக்டரும் உரக்கடைக்காரரும் மட்டும் வந்துகொண்டிருந்தார்கள். அதுவும் ஒரு புதுப் புள்ளிக் கணக்கு வந்த வருஷம் முடிந்துபோனது.

அன்று ராலி முடிந்து, ஜெயித்தவர் காரின் மேல் ஏறி நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். பல் டாக்டர் காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப பாயிண்ட்டு இவருக்குத்தானே ஜாஸ்தி?"

"இல்லைங்க" என்றார் என் கணவர், தொண்டையைச் செருமிக்கொண்டு. "ரெண்டாவதா வந்தவருக்குத்தான் ஜாஸ்தி."

"ஜெயிச்சவரு இவருதானே?"

"இவருதான். ஆனா சனிக்கிழமை வரைக்கும் ஒரு கணக்கு. ஞாயித்துக்கிழமைக்குத் தனிக் கணக்கு. கடைசி ஓட்டத்துக்கு மட்டும் இன்னொரு கணக்கு. மூணையும் கூட்டுனா ரெண்டாவது ஆளுக்குக் கூட வருது."

டாக்டர் மிச்சக் காப்பியைக் குடித்து முடித்தார். "கடவாய்ப் பல்லு பிடுங்குறதே தேவலைங்க" என்று எழுந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஏதோ கல்யாணம். அதற்கடுத்த வாரம் உரக்கடையில் ஸ்டாக் எடுக்கிற வேலை. அதற்குப் பிறகு அவர்கள் காரணம் சொல்வதையும் விட்டுவிட்டார்கள். அந்தப் புள்ளிக் கணக்கை மறுவருஷமே மாற்றிவிட்டார்களாம். அதைச் சொல்லக்கூட என் கணவருக்கு ஆள் இல்லை. என்னிடம் சொன்னார். புதுக் கணக்கு எப்படி என்று கேட்டேன். அவர் பேப்பரும் பேனாவும் எடுத்து வந்தார். நான் அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லி எழுந்துவிட்டேன்.

"டிவியில பாத்துத்தான் இவனுங்களுக்கு அலுத்துப் போச்சு" என்றார் ஒரு நாள். "நேர்ல பாக்கணும். நாமளே ஒண்ணு நடத்திடலாம்."

தஞ்சாவூரில் அவர் உறுப்பினராக இருந்த ஒரு சங்கம், கண் மருத்துவ முகாமையும் மரம் நடுவதையும் மாற்றி மாற்றிச் செய்து களைத்துப்போயிருந்த நேரம். உடனே சம்மதித்துவிட்டார்கள். அனுமதி கேட்டு ஸ்டேஷனுக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் மனுவைப் பார்த்துவிட்டு, நிமிராமலே, "எந்தக் கட்சி?" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்குவது கஷ்டமாக இருந்தது. கார் ராலி என்று புரிய வைத்ததும் அவர் பேனாவை மூடிவிட்டார். பொது ரோட்டில் வேகப் போட்டிக்கு அனுமதி கிடையாது. மெதுவாகப் போவதானால் சொல்லுங்கள் என்றார்.

அப்படி ஒரு ராலியும் இருக்கத்தான் செய்கிறது. இவ்வளவு வேகத்தில்தான் போக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். வழியில் ரகசியமாக நேரம் குறிக்கிற இடங்கள் இருக்கும். சரியான நிமிஷத்தில் அந்த இடத்தைக் கடக்க வேண்டும். தாமதமாக வந்தால் அபராதம். சீக்கிரம் வந்தால் அதைப்போல இரண்டு மடங்கு அபராதம். வேகத்துக்காகவே ராலிமேல் ஆசைப்பட்ட மனிதர், வேகமாகப் போனவனைத் தண்டிக்கும் ராலிக்கு ஏற்பாடு செய்ய ஆரம்பித்தார்.

வழி நான் போட்டுக் கொடுத்தது. பூதலூரிலிருந்து புறப்பட்டு, மெயின் ரோட்டைத் தவிர்த்து, வாய்க்கால் கரைகளிலும் கிராமத்து ரோடுகளிலும் சுற்றி, சனிக்கிழமை சாயங்காலம் நாகப்பட்டினம். அங்கே தங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வேறு வழியில் திரும்பி, தஞ்சாவூருக்கு வெளியே ஓர் அரிசி ஆலையில் முடிவு. ஆலைக்காரர்தான் பரிசுக் கோப்பைகளுக்குப் பொறுப்பேற்றிருந்தார்.

விதிகள் முதலில் ஒரே ஒரு தாளில் இருந்தன. நான்தான் டைப் அடித்தேன். பல் டாக்டரையும் உரக்கடைக்காரரையும் சேர்த்தும் பெயர் கொடுத்தவர்கள் ஒரு டஜன்கூட இல்லை என்று தெரிந்ததும் அவருக்குக் கவலை வந்தது. நடுவில் நாலு கார் பழுதாகி நின்றால் மறுநாள் யார் ஓட்டுவது? ஆகவே முதல் நாள் விலகியவர் மறுநாள் வந்து சேர்ந்துகொள்ளலாம் என்று ஒரு விதி. சனிக்கிழமையே ஒருவர் பெரிதாக முந்திவிட்டால் மற்றவர்கள் நாகப்பட்டினத்தில் மீன் வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்குப் போய்விடுவார்களே? ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்குத் தனிப் புள்ளி. ஆலைக்காரர் தன் ஆலை வாசலில் கொஞ்சம் கூட்டம் கூட வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆகவே கடைசிப் பகுதிக்கு மட்டும் கூடுதல் புள்ளி.

நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். "ஏங்க, டிவியைப் பாத்து நீங்க திட்டுனது இந்த மூணையும்தானே?"

"அப்ப நான் பாக்குறவன். இப்ப நடத்துறவன்" என்றார்.

தை மாதக் கடைசி சனிக்கிழமை. சம்பா அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம். அந்த நாளைத் தேர்ந்தெடுத்தவர்கள் சங்கத்துக்காரர்கள். அறுவடை மிஷின் வாடகைக்கு விடுகிற மனிதர் அதற்கு எப்படித் தலையாட்டினார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ராலி என்றதும் அவருக்கு மாதம், கிழமை எல்லாம் மறந்துவிடும்.

நேரம் குறிக்கிற முதல் இடத்துக்கு நான் பொறுப்பாளர். வாய்க்கால் பாலத்தை ஒட்டி ஒரு புங்க மரத்தடியில் மேசை, நாற்காலி, மேசைமேல் பெரிய கடிகாரம். இடம் ரகசியம். ஆனால் பந்தயம் வருகிறது என்று எப்படியோ தெரிந்துகொண்டு கிராமமே வந்து நின்றது. ரோட்டோரம் நெல் காயப்போட்டுக் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். ஐஸ் வண்டிக்காரர் ஒருவர் வந்து மணி அடித்தார்.

தூரத்தில் முதல் கார் தெரிந்ததும் விசில் பறந்தது. பல் டாக்டரின் சிவப்புக் கார். பக்கத்தில் வழி சொல்ல அவர் மனைவி. வேகமாகத்தான் வந்தார்கள். பாலத்துக்கு முன்னால் என் மேசையைப் பார்த்ததும் சட்டென்று பிரேக் போட்டு, ஓரமாக ஒதுங்கி நின்றுவிட்டார்கள். இரண்டாவது கார் வந்து அவர்களுக்குப் பின்னால் நின்றது. மூன்றாவது அதற்குப் பின்னால். எல்லாருமே சீக்கிரம் வந்துவிட்டார்கள். ஆளாளுக்குக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, பாலத்தைத் தாண்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கதவைத் திறந்துவைத்துப் புளிசாதம் சாப்பிட ஆரம்பித்தார்.

நெல் கிளறிக்கொண்டிருந்த ஒரு பெண் என் மேசைக்குப் பக்கத்தில் வந்தார். "ஏம்மா, வண்டி ரிப்பேரா?"

"இல்லைங்க. சீக்கிரம் வந்துட்டாங்க. அதான் நிக்கிறாங்க."

"சீக்கிரம் வந்தா நல்லதுதானே?"

"இதுல சீக்கிரம் வந்தா அபராதம்."

அவர் அந்தக் கார்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "லேட்டா வந்தா?"

"அதுக்கும் அபராதம்."

"இதுக்கு எதுக்கும்மா பந்தயம்? பஸ்ஸுலயே போயிருக்கலாமே" என்றார். சொல்லிவிட்டு நெல்லைப் பார்க்கப் போய்விட்டார். ஆட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று இன்னும் கொஞ்சம் பேர் போனார்கள். கார்கள் ஒவ்வொன்றாக உரிய நிமிஷத்தில் மெல்ல உருண்டு என்னைக் கடந்தபோது, வேடிக்கை பார்க்க மிச்சம் இருந்தவர் ஐஸ் வண்டிக்காரர் மட்டும்தான். அவரும் புளிசாதக்காரருக்கு ஒரு குச்சி ஐஸ் விற்கத்தான் நின்றிருந்தார்.

உண்மையான சோதனை அதற்குப் பிறகு வந்தது. சாலியமங்கலத்தைத் தாண்டி ஒரு குறுகிய கரைரோடு. ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் வயல். ரோட்டை முழுசாக அடைத்துக்கொண்டு ஓர் அறுவடை மிஷின் நடை வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் எல்லாக் கார்களும் சாமி ஊர்வலம் மாதிரி வரிசையாக. ஹாரன் அடித்தும் பயனில்லை, மிஷின் சத்தத்தில் டிரைவருக்குக் காது கேட்கவில்லை. ஒதுங்க இடம் இருந்த ஒரே பிரிவு ரோட்டிலும் நெல் காய்ந்துகொண்டிருந்தது.

பல் டாக்டர் என் கணவருக்குப் போன் செய்தார். நான் அப்போது மேசையைக் காரில் ஏற்றிவிட்டு அவர் பக்கத்தில்தான் இருந்தேன்.

"எங்க முன்னால ஒரு மிஷின் போகுதுங்க. வழி விட மாட்டேங்குறான்."

"எந்த ஊரு மிஷின்னு பாருங்க. பின்னால எழுதியிருக்கும்."

போனில் கார் உறுமிக்கொண்டு கிட்டே போகிற சத்தம் கேட்டது. பிறகு டாக்டர் சொன்னார்: "உங்க பேருதாங்க எழுதியிருக்கு."

என் கணவர் உடனே மிஷின் டிரைவரைப் போனில் பிடித்தார். ஆத்தூர்ப் பக்கத்து ஆள், அறுவடை சீசனுக்கு மட்டும் வருபவர். எப்படியோ போனை எடுத்துவிட்டார். இவர் கத்தினார். அவர் அமைதியாகச் சொன்னார்: "ஓனர், நீங்கதானே சொன்னீங்க, இன்னைக்கே அந்த வயலை முடிச்சுக் குடுத்துடணும், எதுக்காகவும் நிக்கக் கூடாதுன்னு?"

கார்கள் எல்லாம் மிஷின் வேகத்திலேயே போய், எல்லாரும் ஒட்டுமொத்தமாகத் தாமதமாக அடுத்த இடத்தை அடைந்தார்கள். சாயங்காலம் நாகப்பட்டினத்தில் விடுதி வாசலிலேயே பஞ்சாயத்து. இது யாருடைய தவறும் இல்லை, ஆகவே அபராதம் கூடாது என்றார்கள் சிலர். மிஷின் ராலி நடத்துகிறவருடையது, ஆகவே அவர் தவறுதான் என்றார்கள் சிலர். அதுவரை மிகச் சரியாக ஓட்டியிருந்த டாக்டரும் மனைவியும், காலைக் கணக்கையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். என் கணவர் விதிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தத் தாள் அதற்குள் ஒன்பது பக்கமாகியிருந்தது. ஜமாபந்திக்கு வந்த பட்டா மனு மாதிரி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்றே தெரியாது. கடைசியில், சனிக்கிழமைக் கணக்கு முழுவதும் ரத்து என்று அறிவித்தார். அவரளவில் அது நியாயமான தீர்ப்பு.

மறுநாள் காலையில் உரக்கடைக்காரர் வந்து சேர்ந்தார். அவர் முதல் நாள் பத்து கிலோமீட்டர்கூட ஓட்டவில்லை. திருவையாற்றில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். அதற்குப் போக ராலியிலிருந்து விலகி, சாப்பிட்டு, தாம்பூலப் பையோடு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கி, விடியற்காலையில் பஸ் ரூட்டில் நேராக நாகப்பட்டினத்துக்கு வந்திருந்தார். விலகியவர் மறுநாள் சேரலாம் என்று விதி இருக்கிறதே. மற்றவர்கள் எல்லாம் முந்தின நாள் அலைச்சலிலும் சண்டையிலும் களைத்திருந்தார்கள். இவர் மட்டும் நெற்றியில் சந்தனத்தோடு தெளிவாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பகுதியில் அவர்தான் முதல். அரிசி ஆலை வாசலில் கூடுதல் புள்ளியும் அவருக்குத்தான்.

ஆலை முற்றத்தில் பரிசளிப்பு. முதல் பரிசு என்று தன் பெயரைக் கேட்டதும் அவர் எழுந்திருக்கவே இல்லை. "என்னங்க இது, நான் நேத்து கல்யாணத்துலல்ல இருந்தேன்?" என்றார் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. யாரோ கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். கூச்சத்தோடு கோப்பையை வாங்கிக்கொண்டார். டாக்டரின் மனைவி கை தட்டவில்லை. டாக்டர் தட்டினார். தட்டிவிட்டு என் கணவரிடம் வந்து, "அடுத்த வருஷம் நானும் முகூர்த்த நாளாப் பாத்து பேரு குடுக்குறேங்க" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது என் கணவர் வெண்ணாற்றுப் பாலத்தில் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, "அவங்க கோவப்படுறதுல தப்பே இல்லை. ஆனா ஒவ்வொண்ணையும் யோசிச்சுத்தான் வெச்சேன்" என்றார். எனக்கு அவரைக் கிண்டல் செய்ய நூறு வார்த்தை வாயில் வந்து நின்றது. ஒன்றையும் சொல்லவில்லை. தண்ணீர் குறைந்துபோன ஆற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிவியில் ராலி. யாரும் வரவில்லை. பழக்கத்தில் அவர் இரண்டு நாற்காலியைக் கூடுதலாகப் போட்டிருந்தார். ஒன்றில் நான் உட்கார்ந்தேன். ஏதோ ஒரு நாட்டில் மழை பெய்துகொண்டிருந்தது. சேறான காட்டுப் பாதையில் ஒரு கார் பக்கவாட்டிலேயே வழுக்கிக்கொண்டு வந்து, மரத்தை உரசாமல் கடைசி நேரத்தில் நிமிர்ந்து, சேற்றை வாரி இறைத்துவிட்டு மறைந்தது. என்னை அறியாமல் "யப்பா" என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். விதி எதையும் விளக்கவில்லை. "பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். பார்த்தேன் என்றேன். இத்தனை வருஷத்தில் எனக்கு ராலி புரிந்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

மறுவருஷ ராலிக்கு அவர் விதிகளைத் திருத்தினார். கல்யாணத்துக்குப் போனவர்களைத் தடுக்க ஒரு விதி, அறுவடை மிஷினுக்கு ஒரு விதி, காயும் நெல்லுக்கு ஒரு விதி, ரத்து செய்வதை எப்போது ரத்து செய்யலாம் என்று ஒரு விதி. ஓட்டையே இல்லாத புத்தகம். நாலே கார் பெயர் கொடுத்தன. அதில் ஒன்று எங்களுடையது, போட்டியில் சேராத அதிகாரிகள் வாகனம்.

அதற்கடுத்த வருஷம் சங்கத்தில் தலைவர் மாறினார். ராலியைக் கைவிட்டுவிட்டுச் சும்மா எல்லாரும் குடும்பத்தோடு நாகப்பட்டினம் போய் வருவோம் என்று முடிவு செய்தார்கள். புது பேனர் அடிப்பானேன் என்று பழைய ராலி பேனரையே கட்டினார்கள். நேரம் குறிக்க யாரும் இல்லை. யாரும் எந்த வழியிலும் போகலாம், டீ குடிக்க நிற்கலாம். முப்பது காருக்கு மேல் வந்தன. இன்னும்கூட வந்திருக்கும், பேனர் கட்டிய இடத்தில் நிறுத்தத்தான் இடம் போதவில்லை. வழியில் கிராமத்து ஜனங்கள் கையை ஆட்டினார்கள். ஒரு நேரான ரோட்டில் டாக்டரும் உரக்கடைக்காரரும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு போனதைப் பார்த்தேன். இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது. என் கணவர் முதலில் வர மாட்டேன் என்றுதான் இருந்தார். பிறகு எல்லாருக்கும் கடைசியாக எங்கள் காரை ஓட்டிக்கொண்டு வந்தார்.

நாகப்பட்டினத்தில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையை மொத்தமாகப் பிடித்திருந்தார்கள். பந்தி பந்தியாக ஆட்கள். எங்கள் எதிரே டாக்டரும் அவர் மனைவியும். டாக்டர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். வறுத்த வஞ்சிரத் துண்டைப் பிட்டுக்கொண்டே சொன்னார்:

"கூட்டம் நல்லாத்தாங்க வந்திருக்கு. ஆனா ஆளாளுக்கு ஒரு நேரத்துல வர்றாங்க. அடுத்த வருஷம் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி, ரெண்டே ரெண்டு ரூல் மட்டும் வெச்சா என்ன? நீங்கதான் எழுதிக் குடுக்கணும்."

டாக்டரின் மனைவி என்னைப் பார்த்தார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். நிதானமாக ஒவ்வொரு முள்ளாக எடுத்து இலையோரம் வைத்தார்.

"வேணாங்க" என்றார். "சாப்பிடுங்க. குழம்பு ஆறுது."